காலண்டருக்குப் பின்னால்

வருஷத்தின் முதல் நாள் காலையில் எழுந்ததும் மாஸ்டரம்மா செய்த முதல் காரியம், வீட்டில் உடையக்கூடிய சாமான்களையெல்லாம் ஒளித்து வைத்ததுதான். கண்ணாடித் தம்ளர்கள், பூப்போட்ட பீங்கான் கப்புகள், யாரோ எப்போதோ பரிசாகக் கொடுத்த ஜாடி, எல்லாவற்றையும் பழைய துணியில் சுற்றி ஒரு பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். எவர்சில்வர் தம்ளர்களை எடுத்து வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். எவர்சில்வர் விழுந்தால் சத்தம்தான் வரும், சில்லு வராது. பெருக்கி அள்ள வேண்டியதில்லை. இத்தனை வருஷக் குடும்பத்தில் அவள் கற்றுக்கொண்ட பாடங்களில் அதுவும் ஒன்று.

பிறகு முன்னறைக்குப் போய்க் காலண்டரை மாற்றினாள்.

முன்னறைதான் மாஸ்டரின் தொழிற்கூடம். அவர் கட்டிங் மாஸ்டர். கோட்டும் சூட்டும் தைக்கிற பெரிய கடைகள் துணியை அவரிடம் அனுப்பும். அவர் கோடு போட்டு வெட்டிக் கொடுப்பார், தைப்பது வேறு ஆட்கள். அறையை அடைத்துக்கொண்டு ஒரு நீள மேஜை. அதற்கு எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் கீழே, காலண்டர். காலண்டர் மாட்டுகிற உயரமா அது என்று வருகிறவர்கள் கேட்பதுண்டு. தேதி பார்க்க வசதி என்று மாஸ்டரம்மா சொல்லுவாள்.

பழைய காலண்டரைக் கழற்றியதும் பின்னாலிருந்த குழி தெரிந்தது. விரல் நுனி நுழையும் அளவுக்குச் சுவர் பெயர்ந்திருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, காலண்டர் மாறுகிற நேரம் மட்டும்தான் அந்தக் குழிக்கு வெளிச்சம். மாஸ்டரம்மா அதைப் பார்க்காதவள் மாதிரி பார்த்துவிட்டு, புதுக் காலண்டரைச் சட்டென்று ஆணியில் மாட்டினாள்.

அந்தக் குழியை நான் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு மற்றது எதுவும் விளங்காது. மகளுக்கு அப்போது பத்து வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் புது வருஷத்துக்கு நட்சத்திரம் வெட்டி ஒட்டச் சொல்லியிருந்தார்கள். பிள்ளை வர்ணக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து, மேஜைமேல் இருந்த அப்பாவின் பெரிய கத்தரியால் வெட்டிவிட்டது. துணி வெட்டுகிற கத்தரியால் காகிதத்தை வெட்டினால் அலகு மழுங்கிப் போகும். தையல்காரர் வீட்டில் கொலைக்கு அடுத்த குற்றம் அது. "இதை யார் தொட்டது?" என்று கேட்டார் மாஸ்டர். பிள்ளை நட்சத்திரத்தை உயர்த்திக் காட்டியது. கத்தரி பறந்தது. பிள்ளையின் காது மடலின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் குத்தி, நுனி ஒடிந்து கீழே விழுந்தது.

தையல் போட்ட டாக்டர் கேட்டதற்கு, "ஓடி வந்து கதவுல இடிச்சுக்கிட்டா" என்றாள் மாஸ்டரம்மா. பிள்ளை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. 

அந்தப் பிள்ளை வளர்ந்து, சத்தமே கேட்காத இடமாகத் தேடிப் பிடித்து ஒரு நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தது. வெளியூரிலேயே கல்யாணமும் செய்துகொண்டது. அப்பா அம்மாவை அழைக்கவில்லை, போட்டோ மட்டும் வந்தது. மாஸ்டர் அந்தப் போட்டோவை வாங்கிப் பார்த்தார். மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு புது வருஷத்துக்கும் அவர் ஒரு சபதம் எடுப்பார். "இனிமே இந்த வீட்டுல என் குரல் உயராது" என்பார், ஊருக்கே கேட்கிற குரலில். முதல் கரண்டி கீழே விழுகிற வரைக்கும் அது தாங்கும். போட்டோ வந்த பிறகு அவர் சபதம் எதுவும் எடுக்கவில்லை. ஆனால் துவைக்கப் போட்ட அவருடைய சட்டைப் பையிலெல்லாம் வெள்ளையாகப் பொடி. துணியில் கோடு போடுகிற தட்டைச் சாக்குக்கட்டியை எதற்குப் பைக்குள் வைத்து நொறுக்குகிறார் என்று மாஸ்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. ஒரு நாள் கடைக்காரர் ஒருவர் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி பேச, மாஸ்டர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு கல் மாதிரி நின்றதைப் பார்த்தாள். பையிலிருந்து 'நொறுக்' என்று ஒரு சத்தம். அப்போது புரிந்தது. ஆரம்பத்தில் சட்டைகள் மாவு மூட்டை மாதிரி வரும். இப்போதெல்லாம் ஒரு கட்டி பல நாள் வருகிறது. அவரிடம் அதைப் பற்றி அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இப்போது மருமகனுக்கு இந்த ஊருக்கே மாற்றல். மாஸ்டர் வீட்டு மாடி காலியாகத்தான் கிடந்தது. மாஸ்டரம்மாதான் மகளுக்குப் போன் போட்டாள்.

"புது வருஷத்தன்னைக்கு வர்றோம்மா," என்றாள் மகள். "ஒரு வேளை சாப்பிடறோம், மாடியைப் பாக்கறோம். ஆனா ஒண்ணு. அப்பா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை குரலை உயர்த்தினாலும் நான் கையை உதறிட்டு எழுந்து போயிடுவேன். வேற வீடு ஒண்ணும் பாத்து வச்சிருக்கோம். அந்த வீட்டுக்காரருக்கு அன்னைக்குச் சாயங்காலம் பதில் சொல்லியாகணும்."

"அப்பா இப்ப அப்படி இல்லடி, பாப்பா."

"நீ எந்த வருஷம்தான் இதைச் சொல்லலை?"

 மகள் மாடியில் நடக்கிற காலடிச் சத்தம் தன் தலைக்கு மேல் கேட்க வேண்டும். அவ்வளவுதான் மாஸ்டரம்மாவின் ஆசை. அதற்காகத்தான் காலையிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள்.

மகளும் மருமகனும் வந்தபோது மாஸ்டர் கேக் வாங்கப் போயிருந்தார். மருமகன் கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி.

"மாமாவுக்கு மேஜை விளக்கு, அத்தை. கண்ணைக் கெடுத்துக்கிட்டு வெட்டறாருன்னு நீங்க போன்ல சொன்னீங்கல்ல?"

அந்த மருமகனுக்கு விமான நிலையத்தில் வேலை. பெட்டி தொலைந்துபோனவர்கள் வந்து கத்துவார்களே, அந்த மேஜையில் உட்கார்ந்து அவர்களுக்குப் பதில் சொல்லுகிற வேலை. உலகத்தில் எத்தனை பாஷை உண்டோ அத்தனையிலும் திட்டு வாங்கியவர். 'பெட்டி மாப்பிள்ளை' என்று மாஸ்டரம்மா மனசுக்குள் பேர் வைத்திருந்தாள்.

மகள் கட்டிப்பிடிக்கவில்லை. "மாடிச் சாவி எங்கம்மா?" என்று வாங்கிக்கொண்டு மேலே போனாள். முடியை இழுத்து இடது காதை மூடியிருந்தாள். மாஸ்டரம்மா அடுப்பைப் பார்க்க உள்ளே ஓடினாள்.

கோழியைக் கிளறிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து ஒரு சத்தம். 'கறக்.' இன்னொரு தரம், 'கறக்.' அது துணியை வெட்டுகிற சத்தமில்லை. கரண்டியைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

பெட்டியைச் சுற்றி மெல்லிய தகரப் பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். அதைத்தான் மாப்பிள்ளை வெட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டரின் பெரிய கத்தரியால்.

"கொஞ்சம் கெட்டியாத்தான் இருந்துச்சு அத்தை, ஆனா வெட்டிட்டேன் பாருங்க!" என்றார் மாப்பிள்ளை, முகமெல்லாம் பல்லாக.

மாஸ்டரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கத்தரியை வாங்கினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அலகின் நடுவில், அரிசிக் குருணை அளவுக்கு ஒரு பொக்கை.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவள் வாய் திறந்து, "மாப்பிள்ளை, இது துணி வெட்டற கத்தரி, நாம ரெண்டு பேருமா அவர்கிட்டச் சொல்லிடலாம்" என்றிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வீட்டில் உடைந்ததைச் சொல்லுகிற பழக்கமே கிடையாது, மூடி வைக்கிற பழக்கம்தான் உண்டு.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. நீங்க போய்க் கைகால் கழுவிட்டு உக்காருங்க."

முந்தானையால் கத்தரியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே துணியைப் போட்டு மூடினாள். வெட்டிய தகரத்தைச் சுருட்டிக் குப்பையில் அமுக்கினாள். மேஜையின் மறுபக்கம் கருநீலக் கம்பளித் துணி மடித்து வைத்திருந்தது. ஒரு கண் டாக்டர் தன் மகன் கல்யாணத்துக்குக் கோட்டுத் தைக்க, கடல் தாண்டி எங்கிருந்தோ வாங்கி வந்த துணி. கெட்டுப்போனால் மாற்றுத் துணி கிடையாது. சாயங்காலம் கோட்டுத் தைக்கிறவர் வந்து வெட்டிய துண்டுகளை வாங்கிக்கொண்டு போவார். அதனால் சாப்பாடு முடிந்ததும் மாஸ்டர் வெட்டித்தான் ஆக வேண்டும். விடுமுறை நாளில் சாணை பிடிக்கிறவனும் இருக்க மாட்டான்.

மாஸ்டர் கேக்கோடு வந்தார். மாடியிலிருந்து மகள் இறங்கி வந்தாள். படியின் கடைசியில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள்.

"வாம்மா," என்றார்.

"ம்," என்றாள்.

சாப்பாட்டு மேஜையில் மாஸ்டரம்மா தான் சாப்பிடாமல் எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டே இருந்தாள். மாஸ்டர் கரண்டியைத் தட்டில் வைத்தால் இவளுக்கு நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளும். அவர் தண்ணீர் எடுத்தால் மகளின் கண் அவர் கையைத் தொடரும். பேசியதெல்லாம் மாப்பிள்ளைதான்.

"போன வாரம் ஒருத்தர் வந்தாரு மாமா. பெட்டி வரலைன்னு குதிக்கிறாரு. உன்னைத் தொலைச்சிடுவேன்னு என்னைப் பாத்து. நான் சொன்னேன், சார், தாராளமாத் தொலைங்க, ஆனா அதுக்கும் ஒரு விண்ணப்பம் எழுதித் தரணும்னு."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீரைக் குடித்தார்.

அதே உற்சாகத்தில் மாப்பிள்ளை கையை வீச, தம்ளர் கவிழ்ந்தது. தண்ணீர் மேஜையெல்லாம் ஓடி மாஸ்டரின் மடியில் கொட்டியது. எவர்சில்வர் தம்ளர் தரையில் உருண்டு, உருண்டு, சுவரில் முட்டி நின்றது.  மாஸ்டரின் நெற்றியோரத்தில் ஒரு நரம்பு புடைத்தது. மாஸ்டரம்மா வழக்கம்போலத் தொண்டையைச் செருமினாள். 'போதும், பிள்ளை பாக்கறா' என்று அர்த்தமுள்ள செருமல். மாஸ்டரின் இடது கை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போயிற்று.

"பரவாயில்ல மாப்பிள்ளை," என்றார். "தண்ணிதானே."

மாஸ்டரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் முழுசாக வரவில்லை. கத்தரி முன்னறையில் காத்துக்கொண்டிருக்கிறதே.

"கொஞ்ச நேரம் படுத்து எழுந்திருங்களேன்," என்றாள், அவர் கை கழுவும்போது.

"கோட்டுக்காரர் வந்துடுவாரு."

"ஒரு டீயாவது குடிச்சிட்டு..."

"வெட்டிட்டுக் குடிக்கிறேன். ஏன், என்ன?"

"ஒண்ணுமில்ல."

மாப்பிள்ளை அதற்குள் விளக்கைப் பொருத்திவிட்டார். "வாங்க மாமா, போட்டுப் பாப்போம்!" எல்லாரும் முன்னறைக்குப் போனார்கள். மகள் கையில் டீத் தம்ளரோடு காலண்டருக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றாள். அந்த இடத்தில்தான் அவள் அன்றைக்கும் நின்றாள். அது அவளுக்கும் தெரியும்.

விளக்கு எரிந்தது. மேஜை முழுக்க வெள்ளை வெளேரென்று வெளிச்சம். மாஸ்டர் கருநீலத் துணியை விரித்தார். முன்பே கோடு போட்டு வைத்திருந்தார். வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. "நல்ல வெளிச்சம் மாப்பிள்ளை," என்றார், மனசாரத்தான். மூடியிருந்த துணியை விலக்கிக் கத்தரியை எடுத்தார்.

வெட்டுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு வழக்கம். கத்தரியைத் திறந்து, கட்டைவிரல் நகத்தை அலகின் விளிம்பில் வைத்து, அடியிலிருந்து நுனி வரைக்கும் மெல்ல ஓட்டிப் பார்ப்பார். மாஸ்டரம்மா அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகம் நகர்ந்தது. நகர்ந்தது. நடுவில் நின்றது. பின்னால் வந்தது, மறுபடி முன்னால் போயிற்று, அதே இடத்தில் நின்றது.

விளக்குக்கு நேரே கத்தரியைத் தூக்கிப் பிடித்தார்.

"இதை யார் தொட்டது?"

சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அன்றைக்குக் கேட்ட அதே மூன்று வார்த்தை, அந்த மூன்றும் போதும். மகளின் கை தானாகக் காதுக்குப் போயிற்று.

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் மாஸ்டரம்மா முந்திக்கொண்டாள். "நான்தாங்க. காலைல மேஜையைத் துடைக்கறப்பக் கை தவறிக் கீழ விழுந்துடுச்சு."

"விழுந்தா நுனிதான் போகும். நடுவுல எப்படிப் பொக்கை விழும்?"

"அது... கோழி எலும்பு வெட்டினேன். அரிவாள்மணை சரியில்லைன்னு..."

"கத்தரியாலயா? கோழியையா?"

"ஆமாங்க, ஒரே ஒரு எலும்புதான்..."

"நிறுத்தும்மா!"

அறை அதிர்ந்தது. கத்தியது மாஸ்டர் இல்லை, மகள். நூலகத்தில் மூச்சுக்கூடப் பார்த்து விடுகிற மகள்.

"நிறுத்து! அன்னைக்கு டாக்டர்கிட்டக் கதவுன்னு சொன்ன. டீச்சர்கிட்ட ஜுரம்னு சொன்ன. பக்கத்து வீட்டுல கேட்டா ரேடியோன்னு சொன்ன. இன்னைக்குக் கோழி எலும்பா? உன்னை யாராவது கேட்டாங்களா? எவ்வளவு நாளைக்கும்மா இப்படி மூடி மூடி வைப்ப? அவரு வீசினதைவிட நீ மூடினதுதாம்மா எனக்கு..."

மேலே வார்த்தை வரவில்லை. வார்த்தைக்குப் பதில் கை உயர்ந்தது. டீத் தம்ளரோடு தோளுக்கு மேலே உயர்ந்துவிட்டது. சூடான டீ அவள் முழங்கை வழியாக வழிந்தது. அவள் அதை உணரவில்லை. கையைத் தூக்கியபடி, கழுத்து நரம்பு புடைக்க நின்றாள். அச்சு அசல் அப்பன்தான். அதை முதலில் பார்த்தது அவளேதான் என்று நினைக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் சுவரில் விழுந்த தன் நிழலை அவள் பார்த்துவிட்டாள்.

மாஸ்டர் கத்தரியை மேஜைமேல் வைத்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு அவளை நோக்கி வந்தார். மாஸ்டரம்மா, யோசிக்காமல், இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். எத்தனையோ தரம் நின்ற இடம்தானே.

"நகரு," என்றார்.

"வேணாங்க, பிள்ளை..."

"அடிக்க வரலை. நகரு."

அவர் குரலில் ஏதோ இருந்தது. மாஸ்டரம்மா நகர்ந்தாள். நகர்ந்ததுதான் அவள் வாழ்க்கையிலேயே செய்த பெரிய தைரியம் என்பேன்.

மாஸ்டர் மூடிய கையை மகளுக்கு முன்னால் நீட்டித் திறந்தார். உள்ளங்கையில் பாதி உடைந்த ஒரு சாக்குக்கட்டி.

"பிடி."

"என்னது இது?"

"தம்ளரை வச்சுட்டு இதைப் பிடி. அழுத்து. பொடியாகற வரைக்கும் அழுத்து. அது வரைக்கும் வாயைத் திறக்காத." அவருக்கே வெட்கமாக இருந்தது போலும், தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கு இதுதான்... இது இல்லைன்னா இன்னும் அப்படியேதான் இருந்திருப்பேன். நல்ல பழக்கமெல்லாம் உனக்கு எங்கேருந்து வந்துச்சோ, இது என்கிட்டேருந்து வந்திருக்கு. அதான், மருந்தையும் தர்றேன்."

மகள் தம்ளரைக் கீழே வைத்தாள். சாக்குக்கட்டியை வாங்கினாள். விரல்கள் மூடிக்கொண்டன.

அப்போதுதான் மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "மாமா, ஒரு நிமிஷம். கத்தரியைக் கெடுத்தது நான். பெட்டியில தகரப் பட்டை இருந்துச்சு, அதை வெட்டினேன். அத்தைக்குத் தெரியுமே." அவளைப் பார்த்துத் திரும்பினார். முகத்தில் குற்றம் சாட்டுகிற பார்வையில்லை, குழப்பம்தான். "ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

அந்த வீட்டில் அதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி.

மாஸ்டரின் நெற்றி நரம்பு மறுபடி துடித்தது. தகரத்தை. அவருடைய கத்தரியால். அவர் கை தானாகப் பைக்குள் போயிற்று. பை காலி. இருந்த கட்டியை மகளிடம் கொடுத்துவிட்டாரே. வெறும் பையைக் கை துழாவியது. மாஸ்டரம்மா அதைப் பார்த்தாள், மகளும் பார்த்தாள். மகளின் மூடிய கை கொஞ்சம் முன்னால் வந்தது, திருப்பித் தரலாமா என்பது போல. மாஸ்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பையிலிருந்து கையை எடுத்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். விரல் முட்டிகள் வெளுத்தன.

"மாப்பிள்ளை," என்றார், ஒவ்வொரு வார்த்தையாக. "அது... துணி வெட்டற... கத்தரி."

"சரி மாமா. தெரியாமப் போச்சு. இனிமே கிட்டயே போக மாட்டேன்."

"ம்." மூச்சை விட்டார். "சாணை பிடிச்சாச் சரியாயிடும். இன்னைக்குத்தான் வழியில்ல." துணியைப் பார்த்தார். கோட்டுக்காரர் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிறகு மனைவியின் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "அந்தப் பழைய கத்தரி... அன்னைக்கே அதைத் தூக்கிப் போடச் சொன்னேனே. போட்டுட்டேல்ல?"

'போட்டாச்சுங்க.' நாக்கு நுனிக்கு வந்துவிட்டது அந்த வார்த்தை. போட்டாச்சு என்றால் பேச்சு முடிந்தது. பிள்ளை காதைக் கிழித்த அந்தச் சனியன் மறுபடி வெளியே வர வேண்டியதில்லை. துணி நாளைக்கு வெட்டப்படும், கோட்டுக்காரரிடம் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். மாஸ்டரம்மா மகளைப் பார்த்தாள். மகள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அறையில் பார்த்த அதே பார்வை.

"போடலைங்க," என்றாள். "வச்சிருக்கேன். கட்டிலுக்கு அடியில, பெட்டியில."

மகள் உள்ளே போனாள். பெட்டி இழுபடுகிற சத்தம். துணி பிரிக்கிற சத்தம். கண்ணாடியும் பீங்கானும் மோதிக்கொள்கிற சத்தம்.  

திரும்பி வந்தபோது மகளின் கையில் ஒரு பழைய தலையணை உறை. அதற்குள்ளிருந்து கத்தரியை எடுத்தாள். நுனி ஒடிந்த கத்தரி. மற்றபடி அலகு பளபளவென்று இருந்தது.

"துருவே இல்லையேம்மா."

"வருஷா வருஷம் எண்ணெய் போடுவேன். காலண்டர் மாத்தற அன்னைக்கு."

"இதுக்கு எண்ணெய் போட்டு வளத்தியா? நாய்க்குட்டி மாதிரி?"

"தூக்கிப் போட்டா, எதுவுமே நடக்கலைன்னு நானே நம்பிடுவேனோன்னு பயமா இருந்துச்சுடி." மாஸ்டரம்மா தலையணை உறையை வாங்கி மடித்தாள். "ஊருக்கெல்லாம் பொய் சொன்னேன். எனக்காவது ஒண்ணு இருக்கட்டும்னு..."

மகள் மேஜைக்குப் போனாள். வெட்டுகிற அறையில் கத்தரியை ஒருவருக்குக் கொடுக்க ஒரு முறை உண்டு. அலகை மூடி, கொடுக்கிறவர் தன் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை வாங்குகிறவரின் பக்கம் நீட்ட வேண்டும். சின்ன வயதில் அவர் சொல்லிக் கொடுத்தது. அவள் அப்படியேதான் நீட்டினாள். சாக்குப் பொடி படிந்த வெள்ளை விரல்களுக்குள் அலகு.

மாஸ்டர் கை நீட்டவில்லை. கத்தரியையும் மகளின் முடி விலகிய காதையும் மாறி மாறிப் பார்த்தார். மடலின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு, துணியில் அடையாளத்துக்குப் போடுகிற மாதிரி.

"வாங்குங்கப்பா. கை வலிக்குது."

வாங்கினார். நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கும் நிற்கவில்லை.

குனிந்து வெட்ட ஆரம்பித்தார். 'சரக்... சரக்...' என்று கனத்த துணியைக் கத்தரி தின்றுகொண்டு போயிற்று. தோள் வளைவு, கை வளைவு. ஒரு இழை பிசகினால் போச்சு.  கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், வெட்டிக்கொண்டே, மாஸ்டர் ஏதோ முணுமுணுத்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. அன்னைக்கு நான் செஞ்சது தப்புன்னேன்."

"கத்தரிச் சத்தத்துல சரியாக் கேக்கலை."

கத்தரி நின்றது. மாஸ்டர் நிமிர்ந்தார். விளக்கு வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. ஒளிய இடமில்லை.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்பு, பாப்பா. நீ நட்சத்திரத்தைக் காட்டின. நான் கத்தரியைப் பாத்தேன்."

மகள் தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதெல்லாம் அவ்வளவு சுலபமா? "வெட்டுங்க," என்றாள், "கோட்டுக்காரர் வந்துடுவாரு." உள்ளங்கையில் மிச்சமிருந்த பொடியைத் தட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பினாள். காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினாள்.

மாஸ்டரம்மா ஓரடி முன்னால் வந்தாள். "அதை ஏண்டி எடுக்கற?"

"மேல சுவரெல்லாம் மொட்டையா இருக்கு. இது மாடிக்கு." கணவனிடம் சொன்னாள்: "அந்த வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுங்க." பிறகு வாசற்படியில் நின்று அம்மாவைப் பார்த்தாள். "ஒரு விஷயம்மா. மாடியில ஏதாவது உடைஞ்சா, உடைஞ்சுதுன்னுதான் சொல்லுவேன். இங்க உடைஞ்சா நீயும் அப்படியே சொல்லணும்."

படியேறிப் போனாள். காலடிச் சத்தம் தலைக்கு மேலே வந்தது. ஜன்னல் பக்கம் போய், திரும்பி, நடுவில் நின்றது. மாஸ்டரம்மா கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசித் துண்டு மடிக்கப்படும்போது கோட்டுக்காரர் வந்துவிட்டார். "புது வருஷ வாழ்த்து மாஸ்டர்! அட, புது விளக்கா?" என்று சுற்றிப் பார்த்தவரின் கண், எங்கே போகக் கூடாதோ அங்கேயே போய் நின்றது. "என்ன இது, சுவத்துல ஒரு குழி?"

மாஸ்டரம்மாவின் வாய் தானாகத் திறந்தது. ஆணி அடிக்கும்போது பெயர்ந்தது, எலி, ஈரம், பழைய வீடு, எத்தனையோ பதில் வரிசையில் நின்றன. அவள் வாயை மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள்.

"இவர் கத்தரியை வீசினது," என்றாள். "பிள்ளை மேல. ரொம்ப வருஷமாச்சு."

கோட்டுக்காரருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மாஸ்டர் தலை குனிந்து துண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.  மறுக்கவில்லை. "நாளைக்குப் பூசிடறேன்," என்றார் மெதுவாக.

"உக்காருங்க, டீ கொண்டுவர்றேன்," என்றாள் மாஸ்டரம்மா.

உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் திறந்து கிடந்த பெட்டியிலிருந்து பூப்போட்ட பீங்கான் கப்புகளை எடுத்தாள்.  கப்புகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. கிணுகிணுக்கட்டும் என்று கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.